தள்ளுகதவுக்குப் புதுப்பூட்டு

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கும் கதவு சண்டித்தனம் பண்ணிவிட்டது. பால் பாக்கெட் எடுக்க வெளியே போனவள் திரும்பி உள்ளே வர முடியாமல் நைட்டியோடு நிற்கிறேன். மேல்வீட்டு ஷம்ஷாத் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, அண்ணன் வெளிய தள்ளிப் பூட்டிட்டாரா?" என்று சிரிக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்.

இருபது வருஷத்துக் கதவு. அலுமினியச் சட்டம், ஆளுயரக் கண்ணாடி, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. வீடு கட்டியவன் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்து உட்கார ஒரு சிட்-அவுட் வைத்து, அதற்கு இந்தக் கதவை வைத்தான். வாசலாகப் புழங்கும் என்று அவன் கண்டானா? பூட்டுக்குள் இருக்கிற கொக்கிக்கு ஸ்பிரிங் போய்விட்டது. வேண்டும்போது மாட்டாது, வேண்டாதபோது தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு வழி தெரியும். கைப்பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கி, முட்டியால் ஓர் எத்து விட்டால் திறந்துகொள்ளும். இன்றைக்கு மூன்று எத்து ஆனது. முட்டி வீங்கியிருக்கிறது.

பூட்டை மாற்றியாக வேண்டும். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. அதற்குள் ஆக வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

அலுமினிய வேலை பார்க்கும் ரங்கராசுவுக்கு போன் போட்டேன். முதல் கேள்வியே, "இது பின்கதவுதானுங்கம்மா? அவசரமில்லீங்களே?"

எங்களுக்கு இதுதான் வாசல் என்றேன். இந்த ஊரில் வாஸ்து பார்க்காத வீடு எது? எங்கள் முன்வாசல் தெற்குப் பார்த்தது. இவர் குளியலறையில் மயங்கி விழுந்து, மாத்திரை போய் இன்சுலின் ஊசியில் வந்து நின்றபோது, வாஸ்துக்காரர் வந்து பார்த்தார். தெற்கு வாசல் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். தெற்கு யாருடைய திசை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை இதில் எழுதமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் கலந்து பேசி முன்கதவைப் பூட்டி, அதற்கு முன்னால் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்துவிட்டோம். அது ஆச்சு இரண்டு வருஷம்.

இதை ஷம்ஷாத்திடம் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கலந்து பேசுனோம். இவ பேசுனா, நான் கலந்துக்கிட்டேன்" என்றார். குசும்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஜூலை 16, புதன்

ரங்கராசு வந்தான். ஸ்க்ரூ டிரைவரை விட வாய் நீளம். பழைய பூட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாடலே இப்ப வர்றதில்லீங்க" என்றான். கையில் கொண்டுவந்த புதுப்பூட்டை வைத்துப் பார்த்தால் திருகாணி ஓட்டைகள் ஒத்து வரவில்லை. வேறு கொண்டுவருகிறேன் என்று கிளம்பியவன், கதவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு நின்றான்.

"அம்மா, கதவு இந்தப் பக்கமா எறங்கியிருக்குதுங்க. அடியில சக்கரம் தேஞ்சிருக்கோணும். பூட்டு மட்டும் மாத்துனா கொக்கி நேரா போய் விழாதுங்க. சக்கரத்தையும் மாத்திப் போடலாமுங்க."

"அதுக்கு என்ன பண்ணோணும்?"

"கதவைக் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போகோணும். ஒரு நாள் வேலைங்க. அது வரைக்கும் இந்தப் பக்கம் பலகை வெச்சு அடச்சுட்டு, நீங்க முன்கதவுல புழங்கிக்கலாமுங்க."

பூட்டு மட்டும் போதும் என்றேன். அவன் இவரைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார். "அம்மா சொன்னாச் சரிதான் தம்பி" என்றார்.

வீணாக ஒரு நாள் வீட்டைத் திறந்து போடுவானேன்? அது ஒன்றுதான் காரணம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ரங்கராசு வரவில்லை. காற்றுதான் வந்தது. தோட்டத்து மண் முழுக்கக் கூடத்தில் கிடக்கிறது. இரண்டு முறை கூட்டினேன்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். நிலைப்படி என்று இந்தக் கதவுக்கு ஒன்றும் கிடையாது. கீழே அலுமினியத்தில் இரண்டு பள்ளம், அதில்தான் கதவு ஓடுகிறது. வாசல் என்றால் படி இருக்க வேண்டும், படி என்றால் மஞ்சள் இருக்க வேண்டும். வெள்ளிதோறும் செய்கிற மாதிரி மஞ்சளைக் குழைத்து இரண்டு பள்ளத்திலும் விளிம்பு வரைக்கும் பூசி, குங்குமம் வைத்தேன். இன்றைக்கு ஆடி வெள்ளி என்பதால் கொஞ்சம் தாராளமாகவே பூசினேன்.

இவர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். "கொஞ்சம் கெட்டியாக் குழைக்கக் கூடாதா மரகதம்? தண்ணி உள்ளாற எறங்குதல்ல?"

"சாமி காரியத்துல குவாலிட்டி செக்கிங் பண்ண வந்துட்டாரு" என்றேன். பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்த புத்தி. வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

கதவைச் சாத்தினால் பக்கச் சட்டத்தில் மேலே ஒட்டுகிறது, கீழே ஒரு விரல் நுழைகிற சந்து விடுகிறது. அதன் வழியாகப் பல்லி வருகிறது, பூரான் வருகிறது. ஆடிக்காற்றுத் தூசிதான் கதவைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். வேறென்ன இருக்கப் போகிறது?

பத்து மணிக்கு இவருக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தோட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தாராம். சட்டைப்பையில் எப்போதும் சாக்லேட் வைத்திருக்கச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இருந்தது, நல்லவேளை. வாயில் போட்டதும் சரியானது. திட்டித் தீர்த்தேன். எனக்குப் பயம். வேறு யாரிடம் சொல்ல? இதில்தான் எழுத வேண்டும்.

ஜூலை 19, சனி

புதுப்பூட்டு வந்தாயிற்று! ஆடியில் புதுசு போடலாமா என்று யோசித்தேன். பழசுக்குப் பதில்தானே, புதுசென்று எப்படிச் சொல்வது? வெளியே சாவி, உள்ளே கையால் திருப்புகிற திருகு, நடுவில் இரும்புக் கொக்கி. எதிர்ச் சட்டத்தில் கொக்கி போய் மாட்டுகிற தகட்டையும் மாற்றினான். கதவு இறங்கியிருப்பதால் அந்தத் தகட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்து ஒப்பேற்றினான். "இப்போதைக்கு ஓடுமுங்க. இன்னும் எறங்குச்சுன்னா என்னையக் கேக்கப்படாது" என்றான்.

இன்னொரு வேலையும் வாங்கினேன். முட்டியால் எத்தித் தூக்கினால் நானே திறக்கிறேனே, திருடன் திறக்கமாட்டானா? கதவு மேலே எழும்ப முடியாதபடி மேல்சட்டத்தில் ஒரு கட்டை வைத்து இறுக்கச் சொன்னேன். செய்துவிட்டான். நானும் தூக்கிப் பார்த்தேன், இவரும் தூக்கிப் பார்த்தார், ஒரு நூல் அசையவில்லை. நம் மூளையும் மூளைதான்.

பூட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். இவர், "பூட்டுக்கு மூச்சு முட்டப் போகுது" என்றார்.

ஜூலை 21, திங்கள்

கதவு வெண்ணெயாகப் போகிறது. ஷம்ஷாத்தைக் கூப்பிட்டுத் திறந்து திறந்து காட்டினேன்.

ஜூலை 24, வியாழன்

சாவி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. புதுசு இல்லையா, பழகிக்கொள்ளும்.

ஜூலை 25, ஆடி இரண்டாம் வெள்ளி

இன்று எழுத முடியாது. இவர் தூங்குகிறார். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 26, சனி

எழுதிவிட வேண்டும். உள்ளேயே வைத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேற்றுக் காலை வாசலுக்கு எல்லாம் செய்து முடித்தேன். படிக்குப் போன வாரத்தை விடக் கூடவே பூசினேன். இவர் ஊசி போட்டுக்கொண்டார். இட்லியைத் தட்டில் எடுத்து வைத்து, "உடனே சாப்பிடோணும், தெரியுதா?" என்று மிரட்டிவிட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். காற்றுக்குக் கதவு ஆடுகிறதென்று வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போனேன். உள்ளே திருகு இருக்கிறதே, வேண்டுமானால் திறந்துகொள்ளலாம்.

கோயிலில் கூட்டம். கூழ் வாங்கிக்கொண்டு வர நேரமாகிவிட்டது.

வந்து சாவியைப் போட்டால் பாதி சுற்றி நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. "ஏனுங்க, உள்ளாற திருகுங்க" என்று கண்ணாடியைத் தட்டினேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன். இவர் கதவுக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, பனியனோடு. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. கையில் ஒரு பழைய பல் பிரஷ். தட்டில் இட்லி அப்படியே இருக்கிறது. சட்டை ஆணியில் தொங்குகிறது, சாக்லேட் அதன் பையில்.

முதலில் திட்டினேன். "தரையில உக்காந்து என்ன வெளையாட்டு?" என்று கத்தினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் யாரென்று யோசிக்கிற மாதிரி பார்த்தார்.

கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். முட்டியால் எத்தினேன். எத்தி எத்திப் பார்த்தேன். மேலே அந்தக் கட்டை! நானே வைக்கச் சொன்ன கட்டை! கதவு ஒரு நூல் எழும்பவில்லை. "ஷம்ஷாத்! ஷம்ஷாத்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவளும் வந்தாள், தெரு வாட்ச்மேன் காளியப்பனும் செங்கல்லோடு வந்தான்.

"கண்ணாடிய ஒடச்சுப் போடலாமுங்கம்மா."

"அவரு தலை கண்ணாடியில இருக்குது, தெரியலையா உனக்கு? அத்தனையும் அவரு கழுத்துல விழும்!"

உள்ளே நகருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் விழவில்லை. தலை மெல்லச் சரிந்து கீழே வந்தது. வாய் அந்தச் சந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பல்லி வருகிற சந்து.

"சர்க்கரை கொண்டா ஷம்ஷாத். இல்லாட்டித் தேன். ஓடு!"

தேன் பாட்டிலோடு வந்தாள். தரையில் குப்புறப் படுத்தேன். விரலில் தேனைத் தோய்த்துச் சந்துக்குள் விட்டேன். மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை, கையெல்லாம் ஒட்டியது. இவர் உதட்டில் தடவினேன். "நக்குங்க. ஏனுங்க, நக்குங்க. சொன்ன பேச்சை ஒரு தடவையாவது கேளுங்க." உதடு அசைந்தது. மறுபடி தோய்த்தேன். கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவினேன். சுருக்கென்று கடித்துவிட்டார். அந்த வலியில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவேன்!

ஷம்ஷாத் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, இது பத்தாது. உள்ள போய் ஆகோணும். முன்கதவு சாவி எங்க?" என்றாள்.

"சாவி இல்ல. தொலைஞ்சு போச்சு" என்றேன்.

என் வாய்தான் அப்படிச் சொன்னது. சாவிக் கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. அந்தக் கறுப்புச் சாவியும் அதில்தான் இருந்தது, இரண்டு வருஷமாகக் கழற்றவே இல்லை. இவர் இப்படிக் கிடக்கிற நேரத்தில், இதே நேரத்தில் பார்த்து, அந்தத் திசையைத் திறந்துவிடுவதா? வா என்று கூப்பிடுவதா? நான் விரலை எடுக்காமல் படுத்திருந்தேன். தேன் கன்னத்தில் வழிந்து தரையில் சொட்டியது. அவர் விழுங்கவில்லை. கண் மேலே செருகியது.

இடுப்பிலிருந்து கொத்தைப் பிடுங்கி ஷம்ஷாத் மேல் எறிந்தேன். "கறுப்புச் சாவி! போ! பீரோ எல்லாம் நாசமாப் போகட்டும், தள்ளு!"

தாழ்ப்பாள் போடவில்லை, பீரோ இருக்கிறதே என்று அன்றைக்கு விட்டிருந்தேன். பூட்டு திறந்த சத்தம் கேட்டது. காளியப்பன் தோளைக் கொடுத்து முட்டுகிற சத்தம். பீரோ தரையைக் கீறுகிற சத்தம். அப்புறம் மொத்தமாக அது சாய்ந்து, பீரோக் கண்ணாடி உடைந்து, மூலைக்கு மூலை சிதறியது. காற்று குபுக்கென்று வீட்டுக்குள் வந்து இவர் தலைமுடியைக் கலைத்தது. தெற்குக் காற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஷம்ஷாத் இவரைத் தன் மடியில் சாய்த்து வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தேனைக் கன்னத்துக்குள் தடவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வீட்டைச் சுற்றி ஓடினேன். உடைந்த கண்ணாடியைத் தாண்டி அந்த வாசலில் நுழைந்தேன். வலது காலா இடது காலா என்று பார்க்கவில்லை.

விழுங்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் என் முகத்தைப் பார்த்து, "கூழ் கொண்டாந்தியா?" என்றார். ஷம்ஷாத் அழுதேவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பினோம்.

ஜூலை 27, ஞாயிறு

பல் பிரஷ் கதவடியிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நார் வேர் வரைக்கும் மஞ்சள். ஒரு நாள் மஞ்சள் இல்லை அது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டால்டா டப்பா இருந்தது. அதில் இன்னும் இரண்டு பிரஷ், ஒரு துணி, ஒரு கோணி ஊசி. எல்லாம் அதே நிறம்.

டப்பாவை இவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "என்ன இது?"

"காயறதுக்குள்ள எடுத்தா வந்துரும். காய்ஞ்சா வராது" என்றார்.

"எத்தனை நாளா?"

"நீ கோயிலுக்குப் போற வெள்ளி எல்லாம்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே? பூசாதடீன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன தலையையா சீவிருவேன்?"

பேப்பரை மடித்து வைத்தார். இவர் பேப்பரை மடித்து வைத்துப் பேசுவது அபூர்வம்.

"நீ யாருக்காகப் பூசறேன்னு எனக்குத் தெரியாதா, மரகதம்?"

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். வெங்காயம் அரிந்தேன். இன்றைக்குச் சமையலுக்கு வெங்காயமே தேவைப்படவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ரங்கராசு வந்து கதவைக் கழற்றினான். மேலே கட்டையை எடுத்தபோது, "இதை வெச்சதுதானுங்க தப்பாப் போச்சு" என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கதவைப் படுக்கப் போட்டு அடியிலிருந்து சக்கரத்தை நெம்பினான். சக்கரமா அது? சரியாகச் சுற்றாமல் ஒரு பக்கம் தேய்ந்து, மஞ்சளும் கோலப்பொடியும் இறுகி, களிமண் உருண்டை மாதிரி வந்து விழுந்தது. பிரஷ் எட்டாத இடம்.

ரங்கராசு அதை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். முகர்ந்துகூடப் பார்த்தான். "இதென்னங்க, மஞ்சமஞ்சேன்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார், "பழைய கிரீஸ் தம்பி. காய்ஞ்சா அப்படித்தான் ஆகும்."

முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்த மனுஷர். சின்ன ரிப்போர்ட்டில்கூடப் பொய் எழுதமாட்டேன் என்று மேனேஜரோடு மல்லுக்கு நின்றவர். கிரீஸாம்.

ரங்கராசு நம்பிவிட்டான். நான் அவனுக்கு மோர் கலக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1, ஆடி மூன்றாம் வெள்ளி

கதவு வந்துவிட்டது. புதுச் சக்கரம், நிமிர்ந்து நிற்கிறது. கொக்கி நேராகப் போய் விழுகிறது. கீழே சந்து இல்லை. அந்தச் சந்து இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், நகம்கூட நுழையவில்லை. கட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளத்தை உலர்ந்த துணியால் துடைத்தேன், அவ்வளவுதான்.

மஞ்சள் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் கூடத்தில் நின்றேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அப்புறம் முன்பக்கம் போனேன். தெற்கு வாசலுக்குத் தேக்கில் நிலைப்படி. இரண்டு வருஷமாகத் தூசி தின்று வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சளைத் தாராளமாகக் குழைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பூசினேன். மரம் குடித்துக்கொண்டது.

இவர் தட்டில் இட்லியோடு வந்து அந்த வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் கெட்டியாக் குழைச்சிருக்கலாம்" என்றார்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றேன். முழுசாகச் சாப்பிட்டு முடிக்கிற வரை கோயிலுக்குக் கிளம்பாமல் நின்றேன்.